வெள்ளை இலை எங்கே போச்சு?

கேள்வி: போன தீபாவளி சமயத்தில் மார்பிள் குயின் மணி பிளான்ட் வாங்கினேன். அப்போது இலையில் பாதிக்குப் பாதி வெள்ளை. ஹாலில் டிவி பக்கத்தில் வைத்திருக்கிறேன். இப்போது வரும் இலையெல்லாம் வெறும் பச்சை. நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டாரா? எந்த உரம் போட்டால் வெள்ளை திரும்பும்?
- வாசகி, மதுரை

பதில்: அவரைத் திட்டாதீர்கள், டிவி பக்கத்து இருட்டுதான் காரணம். இலையில் பச்சையம் இல்லாத இடம்தான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. பார்க்க அழகு, ஆனால் செடிக்கு அது பற்றவைக்காத அடுப்பு, அங்கே உணவு தயாராகாது. வெளிச்சம் குறைந்தால் புது இலையில் பச்சை கூடிவிடும், பச்சைக் கிளை வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கியும் விடும். உரத்தால் இதைச் சரிசெய்ய முடியாது. கிழக்கு ஜன்னல் ஓரத்துக்கு மாற்றுங்கள். மேற்கு வெயில் நேராக விழுந்தால் வெள்ளைப் பகுதிதான் முதலில் கருகும், அங்கே மெல்லிய திரை போடுங்கள்.

அப்புறம் தண்டைக் கையில் பிடித்து உற்றுப் பாருங்கள். வெள்ளைக் கோடு ஓடுகிற கணு ஏதாவது இருக்கும், அதற்கு சற்று மேலே வெட்டினால் அந்தக் கணுவிலிருந்து வரும் துளிரில் வெள்ளை வர நல்ல வாய்ப்பு உண்டு. முழு வெள்ளையாக வந்தால் ரொம்பக் குஷியாகாதீர்கள், அந்தக் கிளையைத் தனியாக நட்டால் பிழைக்காது. வெட்டியதும் கை கழுவுங்கள், சாறு சிலருக்கு அரிக்கும். இலையைக் கடித்தால் வாய் எரியும், அதனால் குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாமல் இருக்கட்டும்.

கேள்வி: பக்கத்து வீட்டுத் தென்னையில் ஏறிய மணி பிளான்ட் இலை முறம் மாதிரி இருக்கிறது. என் வீட்டில் தொங்கவிட்டது மட்டும் ஏன் வெற்றிலை அளவிலேயே நிற்கிறது?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: தொங்கவிட்டதால்தான். பிரெஞ்சு பாலினீசியாவின் மோரியா தீவில் மரமேறி வளர்ந்த கொடி இது, ஏற இடம் கிடைத்தால்தான் இலை பெரிதாகும். தென்னை நார் சுற்றிய கம்பு ஒன்றைத் தொட்டியில் நட்டு, தண்டைக் கணுவுக்குப் பக்கத்தில் தளர்வாகக் கட்டுங்கள். இலைக்காம்பில் கட்ட வேண்டாம். கம்பின் நாரும் ஈரமாக இருக்க வேண்டும், காய்ந்த நாரில் கணுவிலிருந்து வெளியே நீளும் காற்று வேர் பிடிக்காது. என்ன செய்தாலும் வீட்டுக்குள் முறம் அளவு வராது, உள்ளங்கை அளவு வந்தாலே நல்ல செடி என்பேன்.

கேள்வி: தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றியும் கீழ் இலைகள் மஞ்சளாகி விழுகின்றன. தண்ணீர் போதவில்லையோ?
- வாசகி, தாம்பரம்

பதில்: அதிகம்! மண்ணுக்குள் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் அன்றைக்கு ஊற்றாதீர்கள். தொட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தும் இலை விழுந்துகொண்டே இருந்தால் செடியை எடுத்து வேரைத் தொட்டுப் பாருங்கள். கொழகொழவென்று கையோடு வந்தால் அழுகிவிட்டது என்று அர்த்தம், தண்டில் நல்ல பகுதியைக் கணுவோடு வெட்டித் தண்ணீர் பாட்டிலில் போட்டு வையுங்கள்.