பின்வரிசையில் இருந்த வாத்தியம்

கேள்வி: எலெக்ட்ரிக் கிட்டாரின் முன்னோடிகளுக்குச் சென்ற இதழில் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். வெள்ளைக்காரப் பையன்கள் முடி வளர்த்துக்கொண்டு போடும் கூச்சலுக்கு முன்னோடி வேறா? நாதம் மரத்தில்தான் பிறக்கும். கரண்ட் போனால் ஊமையாகிவிடும் ஒன்றை வாத்தியம் என்று எப்படி ஏற்பது?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: 'வெள்ளைக்காரப் பையன்கள்' என்ற இடத்திலேயே உங்கள் கேள்வி சறுக்கிவிட்டது. இந்த வாத்தியத்துக்குக் குரல் கொடுத்தவர்களின் பெயர்களைச் சொல்கிறேன். சார்லி கிறிஸ்டியன், டி-போன் வாக்கர், சிஸ்டர் ரோசெட்டா தார்ப், மடி வாட்டர்ஸ், சக் பெர்ரி, ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். அத்தனை பேரும் அமெரிக்கக் கறுப்பினத்தவர்கள். அதில் ஒருவர் பெண், அதுவும் சர்ச்சில் பாடி வளர்ந்தவர்.

1930-களின் அமெரிக்க நடன அரங்கை நினைத்துப் பாருங்கள். டிரம்பெட், சாக்ஸபோன், டிரம்ஸ் எல்லாம் சேர்ந்து முழங்கும். நடுவில் கிட்டார்காரர் உட்கார்ந்து தாளத்துக்குக் கார்டு (chord, பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவது) போட்டுக்கொண்டிருப்பார். அவர் வாசிப்பது அவருக்கே சரியாகக் கேட்காது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜார்ஜ் பீச்சாமும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் 1930-களின் தொடக்கத்தில் அலுமினியத்தில் ஒரு கிட்டாரை வார்த்தார்கள். மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய் வகை. நீளக் கைப்பிடியும் வட்ட உடலுமாக இருந்ததால் அதற்கு 'வாணலி' என்றே பெயர் விழுந்தது. காப்புரிமை 1937-ல்தான் கையில் கிடைத்தது. அதற்குள் கிப்சன் உள்பட மற்ற கம்பெனிகள் கடை விரித்துவிட்டன.

சரி, நாதம் மரத்தில்தான் பிறக்குமா? எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்திகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒன்று இருக்கும். காந்தம், அதைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பிச் சுருள், அவ்வளவுதான். மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் அசைகிறது. அந்த அசைவில் சுருளில் மெல்லிய மின்னோட்டம் பிறக்கிறது. ஆம்ப் அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. மைக்கைப் போல இது காற்றில் வரும் ஒலியைப் பிடிப்பதில்லை, தந்தியின் அசைவையே பிடிக்கிறது. அதே கிட்டாரில் நைலான் தந்தியைக் கட்டி எவ்வளவு ஓங்கி மீட்டினாலும் ஸ்பீக்கரில் ஒன்றும் வராது. பழைய கிட்டாருக்குச் சத்தம் கூட்டிய வேலை இல்லை இது. புது வாத்தியம். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லெஸ் பால் நாலங்குலப் பைன் கட்டை ஒன்றில் தந்தி கட்டி வாசித்துக் காட்டியதும் இதைத்தான். பார்வைக்குக் கிட்டார் போல இருக்கட்டும் என்று பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மரத் துண்டுகளை ஒட்டிக்கொண்டார்.

லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் பார்த்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது. அவர் கடையிலிருந்து வந்தவைதான் டெலிகாஸ்டரும் 1954-ன் ஸ்ட்ராட்டோகாஸ்டரும் என்ற புகழ்பெற்ற எலெக்ட்ரிக் கிட்டார்கள். பரவலாக விற்ற முதல் பேஸ் கிட்டாரும் அவருடையதே, 1951-ல். இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டார் அடியில் தனியாக ஒரு பாட்டே பாடிக்கொண்டு போகிறதே, அந்தக் கருவியின் பூர்வீகம் இந்த ரேடியோ மெக்கானிக்கின் பட்டறை.

ஆனால் கருவியைச் செய்துவிட்டால் போதுமா? அதில் என்ன பேசுவது என்று யாராவது கண்டுபிடிக்க வேண்டும். ஓக்லஹோமா சிட்டியில் வளர்ந்த சார்லி கிறிஸ்டியன் 1939-ல் பென்னி குட்மனின் ஜாஸ் குழுவில் சேர்ந்தார். சாக்ஸபோன்காரர் எழுந்து நின்று ஊதுவது போல, ஒற்றை ஸ்வரங்களாக நீள நீளமாகக் கிட்டாரில் பேசினார். பின்வரிசை வாத்தியம் முன்னால் வந்தது அங்கேதான். அப்புறம் காசநோய். 1942-ல் இறந்தபோது அவருக்கு வயது 25.

ரோசெட்டா தார்ப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. ஆர்கன்சா மாநிலத்தில் 1915-ல் பிறந்தவர். அம்மா ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொன்னவர். மகள் கூடவே கிட்டாரோடு போனாள். பிறகு பக்திப் பாடல்களை நைட் கிளப்பில் பாடியதற்காகச் சர்ச்காரர்களிடம் ஏச்சு வாங்கினார். ராக் அண்ட் ரோல் என்று உலகம் பேர் வைப்பதற்கு முன்பே, 1944-ல் அவர் செய்த பதிவுகளில் அந்தத் துள்ளல் முழுசாக இருக்கிறது. 1964-ல் மான்செஸ்டரில், ரயில் வராத ஒரு பழைய ஸ்டேஷனில் அவர் வாசித்த டிவி நிகழ்ச்சி இணையத்தில் கிடைக்கிறது, பாருங்கள். மழை பெய்து ஈரமான பிளாட்பாரம், எதிர் பிளாட்பாரத்தில் பிரிட்டிஷ் இளைஞர்கள். கோட்டு போட்ட அந்த அம்மா கிட்டாரை மாட்டிக்கொண்டு, மழையைப் பற்றிய பாட்டையே எடுத்து, நடுவில் சோலோவை இழுக்கும்போது யார் யாருக்கு முன்னோடி என்று உங்களுக்கே தெரிந்துவிடும். 1973-ல் இறந்தார். பல வருஷம் கல்லறைக்குப் பெயர்க்கல்கூட இல்லை. ராக் அண்ட் ரோல் புகழரங்கம் அவரைச் சேர்த்தது 2018-ல். ஹெண்ட்ரிக்ஸையும் லியோ ஃபெண்டரையும் 1992-லேயே சேர்த்தாயிற்று. இந்த அநியாயத்துக்காகத்தான் சென்ற இதழில் அந்தப் பக்கமே.

கூச்சல் என்கிறீர்கள். ஆம்புக்குப் பக்கத்தில் கிட்டாரோடு நின்றால் ஸ்பீக்கர் சத்தமே தந்தியை மறுபடி அதிர வைக்கும்; ஸ்வரம் அடங்காமல் ஊளையிடும். எல்லோரும் தவிர்க்கப் பார்த்த அந்த ஊளையை ஹெண்ட்ரிக்ஸ் ஸ்வரமாகப் பழக்கினார். 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் இசை விழாவில் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்தபோது அதற்குள் குண்டு விழும் சத்தத்தையும் அலறலையும் கொண்டுவந்தார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அவரே ஒரு காலத்தில் ராணுவத்தில் பாராசூட் வீரராக இருந்தவர். அதை வெறும் சத்தம் என்று ஒதுக்க என்னால் முடியாது.

கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கையில் இருந்ததும் எலெக்ட்ரிக் வாத்தியம்தான். சாதாரண மாண்டலினில் ஜோடி ஜோடியாக எட்டுத் தந்தி. மீட்டிய ஸ்வரம் சட்டென்று செத்துவிடும், கமகம் பிடிக்க இடமே இருக்காது. அவர் வைத்திருந்தது உள்கூடில்லாத கட்டை உடல், ஒற்றை ஒற்றையாக ஐந்து தந்தி, அடியில் பிக்கப். ஸ்வரம் நின்று பேசியதால்தான் தோடியும் கல்யாணியும் அதில் நடந்தன. சென்னை சபாக்களில் ஒரு சிறுவன் அதை வாசித்தபோது மூத்த வித்வான்களே வந்து உட்கார்ந்து கேட்டார்கள். உங்கள் கணக்குப்படி அதையும் வாத்தியம் இல்லை என்று தள்ள வேண்டும். தள்ளுவீர்களா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.