“அக்கா, நாங்க முடிஞ்சு போறவங்களா?”

கேள்வி: கேரளத்து அட்டப்பாடி மலைப்பகுதியில், அகளியில் தையல் கடை வைத்திருக்கிறேன். பூர்வீகம் கோவைப் பக்கம். தாத்தா 1950களில் மலையேறி வந்து நாலு ஏக்கர் வாங்கினார். கணவர் தவறிய பிறகு இரண்டு வருஷம் எனக்குத் தூக்கமே இல்லை. ஆனைகட்டியில் ஞாயிறுதோறும் நடக்கும் தியான வகுப்புதான் என்னை மீட்டது. போன மாதம் கடையில் காஜா எடுக்கும் இருளர் பெண்ணையும் அழைத்துப் போனேன். அன்றைக்குப் பார்த்து சார் ‘மூல இனங்கள்’ பாடம் எடுத்தார். மனிதகுலம் படிப்படியாக உயர்கிறதாம். ஆதிவாசிகள் லெமூரியா காலத்து மிச்சமாம். அவர்களின் ஆன்மாக்கள் பாடம் முடித்துவிட்டதால் தானாகவே குறைந்து மறைவார்கள், அதற்கு வருந்த வேண்டாம் என்றார். அந்தப் பெண் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே குழாயடியில் போய் நின்றாள். பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் ஊசியில் நூல் கோத்தபடியே, “அக்கா, நாங்க முடிஞ்சு போறவங்களா?” என்று கேட்டாள். சார் நல்ல மனுஷர். அவர் சொன்னது உண்மையா? நான் வகுப்பை விட்டுவிட வேண்டுமா?

பதில்: அன்புள்ள சகோதரி, அந்தக் கேள்விக்கு நேரான பதில் ‘இல்லை’. இதை அவளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

சார் சொன்ன பாடம் அவருடையது அல்ல. நம் முனிவர்கள் சொன்னதும் அல்ல. அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்த பிளாவட்ஸ்கி அம்மையார் 1888இல் வெளியிட்ட ‘தி சீக்ரெட் டாக்ட்ரின்’ நூல் வழியாகப் பரவியது. ஏழு மூல இனங்கள். மூன்றாவது லெமூரியர், நான்காவது அட்லாண்டிஸ்காரர், ஐந்தாவது ஆரியர் என்பது அவருடைய கணக்கு. லெமூரியா என்ற பெயரைக்கூட அவர் கண்டுபிடிக்கவில்லை. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் லெமூர் வகை விலங்குகள் இருப்பதற்குக் காரணம் சொல்ல, ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் 1864இல் ஊகித்த நிலம் அது. கண்டங்கள் நகர்ந்தன என்று தெரிந்த பிறகு அறிவியலில் அதற்கு வேலை இல்லாமல் போனது. பள்ளிப் பேச்சுப்போட்டியில் லெமூரியா என்று முழங்கி எவர்சில்வர் தட்டு வாங்கியவன் நான். நாம் பெருமையோடு ஏறி நின்ற அந்த நிலத்தை அம்மையார் கீழ்ப்படியில் வைத்திருந்தார் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

உங்கள் சார் சொன்ன ‘தானாகவே மறைவார்கள்’ என்பதும் அந்த நூலில் இருக்கிறது. செவ்விந்தியர், ஆஸ்திரேலியப் பழங்குடிகள் போன்றோர் அழிவது கர்மத்தின் தேவை என்கிறார். அவர்களில் ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இருக்கும் தாஸ்மானியத் தீவின் மக்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1803இல் ஆங்கிலேயர்கள் அந்தத் தீவில் குடியேறினார்கள். வேட்டைக்காடுகள் ஆட்டுப்பண்ணைகளாயின. துப்பாக்கியோடு சண்டை நடந்தது. பிழைத்தவர்களை 1830களில் ஃபிளிண்டர்ஸ் தீவுக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். நோய் வாரிக்கொண்டு போனது. 1847இல் அங்கிருந்து திரும்பியவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை. 1876இல் ட்ருகானினி என்ற பெண்மணி இறந்தபோது, ‘கடைசித் தாஸ்மானியர் போய்விட்டார்’ என்று எழுதினார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து அம்மையாரின் நூல் வருகிறது. துப்பாக்கி பிடித்தவன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அதில் கர்மம் என்று இருக்கிறது. இதில் இன்னொன்று: ட்ருகானினி கடைசியும் இல்லை. தாஸ்மானியப் பழங்குடிகளின் வாரிசுகள் இன்றும் இருக்கிறார்கள். தங்கள் மொழியைத் திரட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

அம்மையார் நம் பக்கத்து மலைக்கும் வந்தவர்தான். 1883இல் ஊட்டியில் தங்கினார். பிறகு நீலகிரிப் பழங்குடிகளைப் பற்றி ரஷ்யப் பத்திரிகையில் தொடர் எழுதினார். அதில் தோடர்கள் தெய்வீகப் பிறவிகள், குறும்பர்கள் சூனியக்காரர்கள். ஒரே மலையில் இருந்தவர்களை இப்படி மேலே கீழே அடுக்கிவைத்தார். அந்த நூற்றாண்டில் சூனியம் வைத்ததாகச் சொல்லியே நீலகிரியில் குறும்பர்களை அடித்துக் கொன்றிருக்கிறார்கள் என்பதை நினைத்தால், அது வெறும் மர்மக்கதை எழுத்தாகப் படவில்லை. தோடர்களைத் தூக்கி வைத்ததையும் பெரிய மரியாதை என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். எருமை மேய்ப்பவரை எருமை மேய்ப்பவராகப் பார்க்கவில்லையே!

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அம்மையாரும் ஆல்காட் என்பவரும் சேர்ந்து தொடங்கிய பிரம்மஞான சபை (தியோசாபிகல் சொசைட்டி), இனம், சாதி, நிறம் பாராத சகோதரத்துவமே தன் முதல் நோக்கம் என்று அறிவித்தது. அதன் தலைவர் ஆல்காட் 1894இல் அடையாறில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். நல்லவர்களும் இந்தப் படிக்கட்டுக் கணக்கை நம்பினார்கள். உங்கள் சாரும் அந்த ரகமாக இருக்கலாம். அதனால் கணக்கு சரியாகிவிடாது.

சரி, அட்டப்பாடிக்கு வருவோம். 1951இல் அங்கே பத்துப் பேரில் ஒன்பது பேர் ஆதிவாசிகள். இன்று பாதிக்கும் குறைவு. இருளரும் முடுகரும் குறும்பரும் பாடம் முடித்துக் கிளம்பிவிட்டார்களா என்ன? தமிழகத்திலிருந்தும் கேரளத்தின் மற்ற பக்கங்களிலிருந்தும் நாம் ஏறி வந்தோம். வந்து குடியேறியவர் என்ற பொருளில் உங்கள் ஊரில் நமக்கு ‘வந்தவாசி’ என்று கேலிப்பெயரே உண்டே! கடனுக்கும் கைநாட்டுக்கும் நிலம் கைமாறியது. கைமாறியதைத் திருப்பித் தரக் கேரளம் 1975இல் சட்டம் போட்டது. அதற்கு விதிகள் வரவே 1986 ஆனது. 1999இல் வந்த புதுச் சட்டம், இரண்டு ஹெக்டேர் வரை வாங்கியவர் வைத்துக்கொள்ளலாம், ஆதிவாசிக்கு வேறு நிலம் தரலாம் என்றது.

நாலு ஏக்கர் என்பது இரண்டு ஹெக்டேருக்குள் அடங்கும், சகோதரி. உங்கள் தாத்தாவை நான் குற்றம் சொல்லவில்லை. அவர் எப்படி வாங்கினார் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் பழைய பத்திரம் இருந்தால் எடுத்து, விற்றவர் பெயரைப் படித்துப் பாருங்கள். ‘மறைவது அவர்கள் விதி’ என்ற பாடம் நம்மைப் போன்றவர்களுக்கு ஏன் இவ்வளவு இதமாக இருக்கிறது என்பது அப்போது புரியலாம்.

தியானத்தை விட வேண்டாம். மூச்சைக் கவனிக்க எந்த மூல இனமும் தேவையில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் தூக்கம் வரும். வகுப்புக்கே போவதானால், சாரிடம் எல்லோர் முன்னாலும் ஒன்று கேளுங்கள்: “அந்தப் பெண் என் கடையில் வேலை செய்கிறாள், அவள் முகத்தைப் பார்த்து அதை மறுபடி சொல்வீர்களா?” அவர் தடுமாறினால் நல்லது, அந்த மனுஷரிடம் பேச இடம் இருக்கிறது. தடுமாறாமல் சொல்வாரானால் பாயைச் சுருட்டுங்கள்.

அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது சார் மட்டும் இல்லை. அவள் எழுந்து போனபோது நீங்கள் உள்ளேயே உட்கார்ந்திருந்தீர்கள். கடிதத்தில் அதை நீங்கள் சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸில் அவள் பேசாமல் வந்தது அதனால்கூட இருக்கலாம்.