செம்பனைத் தோட்டத்துக்கு எந்த லேசர் தூரமானி?

தம்பி, பட்டர்வொர்த்திலிருந்து கெடா பக்கம் லைசன்ஸோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போவதாகவும், மலிவு விலையில் வந்த கோல்ஃப் தூரமானி போதுமா, 2000 மீட்டர் என்று போட்டிருப்பதை வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கோல்ஃப் கருவி வேண்டாம். கொடிக்கம்பத்தைப் பிடிப்பதற்காக அது மிக அருகில் இருப்பதையே முதலில் எடுத்துக்கொள்ளும், செம்பனை மட்டையும் புதரும் குறுக்கே நிற்கும் இடத்தில் பன்றியின் தூரத்தைக் காட்டாமல் முன்னாலிருக்கும் இலையின் தூரத்தைத்தான் காட்டும். வேட்டைக்கென்று வருபவற்றில் பின்னால் இருப்பதை எடுக்கும் வசதி உண்டு, அது கட்டாயம் இருக்கட்டும்.

2000 மீட்டர் என்பது பளபளப்பான பலகைக்குச் சொல்லும் கணக்கு, பன்றியின் ஈரமான கறுப்பு முடிக்கு அதில் பாதிகூட வராது. உங்களுக்கு அது தேவையும் இல்லை. ஷாட்கன்தானே? நான் 35 மீட்டரைத் தாண்டினால் சுடுவதே இல்லை, காயத்தோடு ஓடும் பன்றி பாவம், தேடிப் போகிறவனுக்கும் ஆபத்து.

அதற்குப் பதிலாக எழுத்து சிவப்பாக ஒளிரும் திரை உள்ளதற்குக் காசு போடுங்கள், கறுப்பு எழுத்து மங்கலில் மரநிழலோடு கலந்துவிடும். அப்புறம் தண்ணீர் புகாததா என்று பாருங்கள், நம்ம ஊர் மழை தெரியும்தானே. சரிவுக் கணக்கு, அதாவது மேட்டிலோ பள்ளத்திலோ சாய்வாக அளந்த தூரத்தைக் கிடைமட்டத் தூரமாக மாற்றிக் காட்டும் வசதி, சமதளத் தோட்டத்தில் பெரிய விஷயமில்லை. 30 பாகைச் சரிவில்கூட 40 மீட்டர் 35 ஆகும், அவ்வளவுதான்.

வாங்குவதற்கு முன் கடைக்கு வெளியே ஒரு மரத்தின் இலைகளுக்கு நடுவே பின்சுவரை அளந்து பாருங்கள். சுவரைப் பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.