வீட்டுக்காரருக்குத் தெரியும் என்று எப்படிக் காட்டுவது?

கேள்வி: யாழ்ப்பாணம் நல்லூரில் பழைய வீடொன்றில் வாடகைக்கு இருக்கிறோம். சன்னல் பெயின்ற் பொருக்குப் பொருக்காக உதிருகிறது. இரண்டு வயது மகளின் இரத்தத்தில் ஈயம் 11 என்று வந்திருக்கிறது. வீட்டுக்காரர் கனடாவில். வீட்டைப் பார்க்கிற அவருடைய மைத்துனர் “விருப்பமில்லையெண்டால் எழும்பிப் போங்கோ” என்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் நாளைக்கே அல்ல.

ஒரு டெசிலீற்றரில் 5 மைக்ரோகிராம் என்றாலே, ஈயம் எங்கிருந்து வருகிறதென்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் பிள்ளைக்கு அதன் இரு மடங்குக்கும் மேல். சன்னலைத் திறந்து மூடுகையில் உரஞ்சி விழும் தூள்தான் பொருக்கிலும் மோசம். ஈரத்துணியால் துடையுங்கள், கூட்ட வேண்டாம்.

இலங்கையில் பெயின்றில் ஈயத்துக்கு 2013 ஜனவரியிலிருந்து கட்டுப்பாடு உண்டு. அது கடையில் விற்பதற்கு. சன்னலில் முப்பது வருடமாக ஒட்டிக் கிடப்பதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. ஆகவே உங்களுக்கு மிச்சம், தனிச் சட்டம் இல்லாத இடத்தில் இலங்கையில் செல்லும் ரோமன்-டச்சுச் சட்டம்: குடியிருக்கத் தக்கதாக வீட்டை வைத்திருப்பது வீட்டுக்காரர் கடமை. பிள்ளைக்கு நட்டஈடு கேட்பதென்றால் அவருடைய கவனயீனத்தைக் காட்ட வேண்டும். “எனக்குத் தெரியாதே” என்பதுதான் அவரின் முதல் பதிலாக இருக்கும்.

அந்த வாயை அடைப்பது ஒரு கடிதம். மைத்துனரிடம் படலையில் நின்று சொன்னதைப் பிறகு நிரூபிப்பது கஷ்டம். பரிசோதனை அறிக்கைப் பிரதியோடு, கனடா முகவரிக்கே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால்கந்தோர் துண்டைப் பிரதியில் ஒட்டி வையுங்கள். வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் உங்களை எழுப்ப நீங்களே காரணம் கொடுக்கிறீர்கள்.

இதற்கிடையில் வீட்டுத் தரகர் ஒருவர் வருவார். வராமல் விடமாட்டார். “முற்பணத்தை முழுசாக வாங்கித் தாறன், இதிலை ஒரு கையெழுத்து” என்பார். அப்படியொரு தாள் என் மேசைக்கு வந்தது: ஒன்றரைப் பக்கம் ஆங்கிலம், அடியில் தமிழில் ஒரு தாயின் கையெழுத்து. நடுவில், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு வரி. வாசிக்காமல் ஒன்றிலும் கைவைக்காதீர்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லுங்கள். வீட்டில் யாராவது மீன்வலைக்கு ஈயம் உருக்கி வார்க்கிறார்களா? பழைய பற்றறி உடைக்கிறார்களா? சன்னலுக்கு நீங்களே பெயின்ற் அடித்தீர்களா? அப்படியென்றால் பழி உங்கள் பக்கம் திரும்பும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் தேடுவது அதைத்தான். குருநகரில் மாமனார் வீட்டுக் கொல்லையில் வார்த்தாலும், பிள்ளை அங்கே விளையாடுகிறதென்றால் அதுவும் இதில் சேரும்.

பொது சுகாதார பரிசோதகரிடமும் எழுத்தில் முறையிடுங்கள். மூன்று தரம் போனால் ஒரு தரம் வந்து பார்ப்பார்கள். மூன்று திகதியையும் குறித்து வையுங்கள்.