மகள் கல்யாணத்துக்கு வைரத்தோடு, மூக்குத்தி எடுக்கணும். ஒரிஜினல் வைரமா, லேப் வைரமா, மொய்சனைட்டா?

ரெண்டு லட்சத்துக்குள்ள ஏழு கல் தோடும் ஒரு மூக்குத்தியும் எடுக்கணும், கடைக்காரர் லேப் வைரம்னு (மெஷின்ல வளத்த வைரம்) ஒன்னைக் காட்டி பாதிக்கும் கீழ ரேட் சொல்றார், நம்பலாமான்னு கேட்டிருக்கீங்க. என்னோட பதில் இதுதான்: மூக்குத்தி ஒரிஜினல்ல எடுங்க, தோடு லேப்ல எடுங்க, மிச்சமாகுற காசுக்கு பொண்ணு பேர்ல தங்கக் காசு வாங்கிடுங்க. மொய்சனைட் தோட்டுக்கு வேண்டாம்.

நான் திருச்சிக்காரன். எங்க ஏரியாவுல ஒரு காலத்துல தெருவுக்கு நாலு வீட்ல செயற்கைக் கல்லுக்கு பட்டை தீட்டுற சத்தம் கேட்கும், அப்பாவும் அந்த வேலைதான் பாத்தார், அப்புறம் சீனாவுல இருந்து மெஷின்ல தீட்டின கல் மலிவா வந்து இறங்கவும் பட்டறை எல்லாம் ஒன்னொன்னா மூடிட்டாங்க. அதனால இந்த விஷயத்துல எனக்குக் கொஞ்சம் வாய் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒரு குழப்பம் தீரணும். ஒரிஜினல் இல்லாத எல்லாத்தையும் சேர்த்து டூப்புன்னு சொல்றோம்ல, அது தப்பு. அமெரிக்கன் டைமண்டுன்னு விக்கிறது சிர்கோனியம் ஆக்சைடு, வைரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது, கொஞ்ச வருஷம் போட்டாலே பட்டை முனையெல்லாம் தேய்ஞ்சு மங்கிடும். மொய்சனைட் சிலிக்கான் கார்பைடு, நல்லா உறுதியான கல்தான், வைரம் கடினத்துல 10ன்னா இது 9.25, ஆனா வைரத்தைவிட ரெண்டு மடங்குக்கு மேல வர்ணம் பிரிச்சு அடிக்கும், கொஞ்சம் பெரிய கல்லா இருந்தா கல்யாண மண்டப லைட்ல கலர் கலரா மின்னி பாக்குறவங்களுக்கே தெரிஞ்சுடும். லேப் வைரம் அப்படி இல்லை, அது கார்பன், வைரமேதான். மெல்லிசா ஒரு வைரத் தகட்டை மெஷினுக்குள்ள வச்சு மீத்தேனையும் ஹைட்ரஜனையும் விட்டு பிளாஸ்மாவா சூடு பண்ணினா கார்பன் அடுக்கடுக்கா அதுமேல படிஞ்சு சில வாரத்துல கல்லா வளந்துடுது, இதுக்குப் பேர் சிவிடி. பூமிக்கு அடியில இருக்குற மாதிரியே அழுத்தமும் சூடும் குடுத்து வளர்க்குற ஹெச்பிஹெச்டி முறை இன்னும் பழசு, ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி 1954லயே அப்படி வைரம் பண்ணிட்டாங்க. 2018ல அமெரிக்காவோட எஃப்டிசி, அதாவது அங்க வியாபாரத்தைக் கண்காணிக்கிற அரசு ஆணையம், வைரம்னா என்னன்னு சொல்ற இடத்துல இருந்து 'இயற்கையான'ங்குற வார்த்தையையே எடுத்துட்டாங்க.

இதுல ஏமாத்து எங்க நடக்கும்னா, கடையில பேனா மாதிரி ஒரு டெஸ்டர் வச்சு கல்லுல தொட்டு பீப் சத்தம் காட்டுவாங்க பாருங்க, அது சூடு எவ்ளோ வேகமா கடத்துதுன்னு மட்டும்தான் பாக்குது, மொய்சனைட்டுக்கும் பீப் அடிக்கும், லேப் வைரத்துக்கு அடிக்காம இருந்தாத்தான் ஆச்சரியம். லேப்பா ஒரிஜினலான்னு பிரிக்கிறதுக்கு கல்லைப் பரிசோதிக்கிற லேபுல இருக்குற பெரிய மெஷின் வேணும், கண்ணாலயோ லென்ஸ் வச்சோ கண்டுபிடிச்சிடுவேன்னு எந்த ஆசாரி சொன்னாலும் நம்பாதீங்க. பெரிய ஒத்தைக் கல்லுன்னா அதோட இடுப்புல, அதாவது கல்லைச் சுத்தி இருக்குற நடு விளிம்புல, லேசர்ல நம்பர் பொறிச்சிருக்கும், சர்டிபிகேட்டோட ஒப்பிட்டுக்கலாம். தோட்டுல இருக்குற மாதிரி பொடிக் கல்லுக்கு பெரும்பாலும் அது இருக்காது, நகை மொத்தத்துக்கும் ஒரே சர்டிபிகேட்தான். ஒரிஜினல் பொடிக் கல்லோட லேப் கல்லைக் கலந்து விடுறது வைர வியாபாரத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச தலைவலி. ஏழு கல் தோட்டுல ரெண்டு காதுக்கும் சேர்த்து 14 கல், ஒரிஜினல் விலை குடுத்துட்டு அதுல நாலு லேப்பா இருந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்?

இப்ப காசுக் கணக்குக்கு வருவோம். ரேட் கடைக்குக் கடை மாறும், நான் சும்மா ஒரு கணக்குக்கு ஒரிஜினல் கேரட் 90 ஆயிரம், லேப் கேரட் 25 ஆயிரம்னு வச்சுக்கிறேன், நீங்க உங்க கடை ரேட்டைப் போட்டுப் பாருங்க. 100 சென்ட் ஒரு கேரட், கல்லு ஒன்னு 10 சென்ட்டுன்னா 14 கல்லுக்கு 1.4 கேரட், அதாவது ஒரிஜினல்ல 1,26,000, லேப்ல 35,000. தங்கம், கூலி, சேதாரம், 3% ஜிஎஸ்டி எல்லாம் இதுக்கு மேல. மூக்குத்தி 5 சென்ட் ஒத்தைக் கல், ஒரிஜினல்ல 4,500, லேப்ல 1,250. மூக்குத்தியில மூவாயிரத்து சொச்சம் மிச்சம் பிடிச்சு என்ன ஆகப் போகுது, அதுல ஒரிஜினலைப் போட்டு பாட்டி, அத்தை எல்லாரையும் சமாதானப்படுத்திடலாம். தோட்டுல மிச்சமாகுறது 91,000.

"ஒரிஜினல் வாங்கினா ரீசேல் இருக்கே சார்"னு கடையில சொல்லுவாங்க. வாங்கின கடைக்கே பில்லோட போனா எக்ஸ்சேஞ்ச் நல்லாத்தான் குடுப்பாங்க, அதுலயும் காசா கேட்டா வேற ரேட், வேற கடைக்குப் போனா மூஞ்சி மாறிடும். அவசரத்துக்கு அடகு வைக்கப் போங்க, வைரம்னாலும் கண்ணாடின்னாலும் கல் எடையைக் கழிச்சிட்டு தங்கத்துக்கு மட்டும்தான் கடன். அதுக்காக லேப் விலை நிக்கும்னு நான் சொல்லலை, அது இன்னும் மோசம். சுரங்க வைரத்துல பெரிய கம்பெனியான டி பியர்ஸே லைட்பாக்ஸ்னு ஒரு பிராண்டுல 2018ல கேரட் 800 டாலர்னு லேப் நகை வித்தாங்க, விலை சரிஞ்சுக்கிட்டே போய் 2025ல அதை மூடுறோம்னு அறிவிச்சிட்டாங்க. நம்ம மெட்ராஸ் ஐஐடியில லேப் வைர ஆராய்ச்சிக்கு மத்திய அரசு 242 கோடி குடுத்திருக்கு, மெஷினும், மேல சொன்ன அந்த மெல்லிசு வைரத் தகடும் இங்கயே பண்றதுக்குத்தான், அதெல்லாம் நடந்தா விலை இன்னும் இறங்கும். சூரத்துல இப்பவே கணக்கு வழக்கில்லாம வளத்துக்கிட்டு இருக்காங்க. அதனால லேப் தோட்டை பட்டுப்புடவை மாதிரி நினைச்சு வாங்குங்க, போட்டு அனுபவிக்கிறதுக்கு. சேமிப்பு வேணும்னா அதுக்குத்தான் அந்த 91,000ல தங்கக் காசு.

பூமியைத் தோண்டாத வைரம், சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு விளம்பரம் பண்றாங்களே, அதை ரொம்ப மனசுல ஏத்திக்காதீங்க, மெஷின் வாரக்கணக்கா ஓடணும், அது நிலக்கரிக் கரண்டா சோலாரான்னு பில்லுல போட மாட்டாங்க.

தோஷம் பத்தி கேட்காமலே சொல்றேன், ஏன்னா வீட்ல யாராவது கண்டிப்பா கேட்பாங்க. காகபாதம் (காக்கா கால் மாதிரி தெரியுற கோடு), கரும்புள்ளி எல்லாம் கல்லுக்குள்ள இருக்குற குறை, லேப் கல்லுலயும் புள்ளி வரும், ஹெச்பிஹெச்டி கல்லா இருந்தா உலோகத் துணுக்கே மாட்டிக்கிட்டு இருக்கலாம், சிலது காந்தத்துக்கு இழுக்கும்னா பாத்துக்கோங்க. விவிஎஸ் தரத்துல, அதாவது லென்ஸ்ல பாத்தாலும் குறை தெரியறது கஷ்டமான தரத்துல எடுத்தா வெறுங்கண்ணுக்கு எந்தப் புள்ளியும் தெரியாது. ராசி பாக்குறவங்க கல்லை ரெண்டு மூணு நாள் வீட்ல வச்சுப் பாத்துட்டு வாங்கட்டும், அதுல நான் தலையிடலை.

சம்பந்தி வீட்ல மட்டும் லேப்புன்னு முன்னாடியே சொல்லிடுங்க. சர்டிபிகேட்ல எழுதியே இருக்கும், நாளைக்கு அவங்களா பாத்து கண்டுபிடிச்சா வர்ற பேச்சு 91,000க்கு மேல இருக்கும்.

இன்னொன்னு, உங்க அம்மாவோடதோ பாட்டியோடதோ பழைய ப்ளூ ஜாகர் தோடு பீரோவுல கிடக்குதான்னு முதல்ல பாருங்க. தென்னாப்பிரிக்கா யாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கத்துப் பேர்ல வந்த ரகம் அது, லேசா நீலம் அடிக்கும், நம்ம ஊர்ல ஒரு காலத்துல அதுக்குத்தான் மவுசு. இருந்தா லேப்பும் வேண்டாம் ஒன்னும் வேண்டாம், கல்லைப் பிரிச்சு உங்க கண் முன்னாடியே எண்ணி, எடை போட்டு, எழுதி வாங்கிட்டு புதுசா கட்டக் குடுங்க. மூடின கட்டடமா இல்லாம பின்பக்கம் திறந்த கட்டடமா கட்டச் சொல்லுங்க, வைரத்துல எண்ணெய்ப் பிசுக்கு சட்டுன்னு ஒட்டிக்கும், தலைக்கு எண்ணெய் வைக்கிற வீட்ல பின்பக்கம் பிரஷ் போய்த் தேய்க்க வழி இருக்கணும்.