சிறுதுளை அறுவை சிகிச்சை: செட்டிநாட்டுப் பெண்களின் கேள்விகளும் மகப்பேறு மருத்துவரின் பதில்களும்

கேள்வி (தேவகோட்டை): எனக்கு வயது 44. கர்ப்பப்பையில் 6 செ.மீ. நார்க்கட்டி இருக்கிறது. உதிரப்போக்கு அதிகமாகி ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கிவிட்டது. லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை) மூலம் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார்கள். சம்மதிக்கலாமா, டாக்டர்?

பதில்: வயிற்றைக் கிழிக்காமல் எடுக்க முடியும் என்பதே எடுப்பதற்கான காரணமாகிவிடக் கூடாது. 40 வயதைக் கடந்தவருக்கு இந்த அளவு உதிரப்போக்கு இருந்தால், முதலில் கர்ப்பப்பையின் உட்சவ்வைப் பயாப்ஸி (சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தல்) செய்து பார்த்துவிட வேண்டும். ஹீமோகுளோபினையும் ஏற்றிக்கொள்ள வேண்டும். கட்டி உட்குழிக்குள் புடைத்திருந்து அளவிலும் சிறியதாக இருந்தால், வயிற்றில் துளையே இல்லாமல் பிறப்புறுப்பு வழியாக ஹிஸ்டெரோஸ்கோப்பை (கர்ப்பப்பைக்குள் பார்க்க உதவும் மெல்லிய கருவி) செலுத்திச் செதுக்கி எடுத்துவிடலாம், 6 செ.மீ. கட்டிக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. உட்குழியின் வடிவம் கெடாமல் இருந்தால், கர்ப்பப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனத்தை முயன்று பார்க்கலாம்.

எடுத்தே ஆக வேண்டும் என்று முடிவானால், இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாதவிடாய் இன்னும் நிற்காத உங்களுக்கு, நலமாக உள்ள சினைப்பைகளை விட்டுவைப்பார்களா என்பது ஒன்று. 5 மி.மீ., 10 மி.மீ. துளைகள் வழியாக வேலை செய்பவர்கள் கர்ப்பப்பையை எப்படி வெளியே எடுப்பார்கள் என்பது மற்றொன்று. இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் பிறப்புறுப்பு வழியாகவே எடுத்துவிடுவார்கள். மிகப் பெரியதாக இருந்தால் துண்டாக்க வேண்டிவரும். கண்டறியப்படாத புற்றுநோய் உள்ளே இருந்தால் அது வயிற்றுக்குள் பரவக்கூடும் என்பதால், இயந்திரத்தால் துண்டாக்கும் முறை குறித்து அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014-இல் எச்சரித்தது. எனவே துண்டாக்குவதாக இருந்தால், துண்டுகள் சிதறாதபடி தனி உறைப் பைக்குள் வைத்துத்தான் செய்வார்களா என்று கேட்பதில் தவறில்லை.

கேள்வி (பள்ளத்தூர்): சினைப்பைக் கட்டியைத் துளை போட்டு எடுத்து இரண்டு நாள் ஆகிறது. வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலிக்கிறது. ஏன்?

பதில்: உள்ளுறுப்புகள் தெளிவாகத் தெரிவதற்காக வயிற்றுக்குள் கார்பன்-டை-ஆக்சைடு வாயுவைச் செலுத்துவார்கள். மீந்த வாயு உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) உறுத்துகிறது. அதன் நரம்பும் தோள்பட்டை நரம்புகளும் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியிலிருந்து கிளம்புவதால், வலி தோளில் தெரிகிறது. சில நாட்களில் தானாக அடங்கிவிடும். காய்ச்சல், வாந்தி, வயிற்று உப்புசம், நாளுக்கு நாள் கூடும் வயிற்றுவலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது.

கேள்வி (கானாடுகாத்தான்): 23 வயது மகளுக்குச் சினைப்பையில் 4 செ.மீ. நீர்க்கட்டி. வரன் பார்க்கிறோம். தழும்பு தெரியாது என்பதால் இப்போதே எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். வெறும் நீர் மட்டும் உள்ள கட்டி இந்த வயதில் பெரும்பாலும் தானே கரைந்துவிடும். இரண்டு மூன்று மாதங்கள் கழித்து மறுபடி ஸ்கேன் பாருங்கள். சம்பந்தி வீட்டாருக்குத் தெரிவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் மருத்துவக் காரணம் ஆகாது. ஆனால் திடீரென்று கடும் வலியும் வாந்தியும் வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி (கோட்டையூர்): கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் சிறுதுளை முறை நல்லதுதானே?

பதில்: இல்லை. தொடக்கநிலை நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வில், துளை முறையில் சிகிச்சை பெற்றவர்களுக்கே நோய் அதிகமாகத் திரும்பியது. இந்த நோய்க்கு வயிற்றைத் திறந்து செய்வதையே பெரும்பாலும் பரிந்துரைக்கிறோம்.

கேள்வி (காரைக்குடி): கர்ப்பப்பை எடுத்த பிறகு 40 நாள் படுத்தே இருக்க வேண்டும், பத்தியம்தான் சாப்பிட வேண்டும் என்கிறார் மாமியார்.

பதில்: படுத்தே இருந்தால் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் ஆபத்து கூடும், மறுநாளிலிருந்தே வீட்டு வளவுக்குள் மெதுவாக நடக்கலாம். பூண்டுக் குழம்பு சாப்பிடுவதில் கெடுதல் ஒன்றுமில்லை. தண்ணீரையும் காய்கறியையும் குறைத்து மலச்சிக்கலை வரவழைத்துக்கொள்வதுதான் கெடுதல். தண்ணீர்க் குடம் தூக்குவதும் தாம்பத்தியமும் ஆறு வாரங்களுக்குக் கூடாது. உள்தையல் ஆறிவிட்டதை மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு தொடங்கலாம்.