நார்வேயின் 'சின் ஓக் செங்ன்' இதழ் எதற்காகத் தொடங்கப்பட்டது?

'சின் ஓக் செங்ன்' என்பது 1894இலிருந்து வரும் பண்பாட்டு, அரசியல் இதழ். நார்வேஜிய மொழியின் இரண்டு எழுத்து வடிவங்களில் ஒன்றான நீநொர்ஷ்கில் வெளியாகிறது.

காரணம் பழையது. சுமார் 400 ஆண்டுகள் நார்வே டென்மார்க்கோடு இணைந்திருந்தது. 1814இல் பிரிந்த பிறகும் படித்தவர்கள் டேனிஷிலேயே எழுதினார்கள். விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஈவார் ஓசன் 1840களில் ஊர் ஊராகப் போய் மக்கள் பேச்சைச் சேகரித்து, அதிலிருந்து ஒரு எழுத்து மொழியையே உருவாக்கினார். எனக்கு இன்றும் வியப்பு தரும் உழைப்பு அது! 1885இல் நாடாளுமன்றம் அந்த மொழிக்கு, அதாவது இன்றைய நீநொர்ஷ்குக்கு, டேனிஷ் சார்ந்த எழுத்து மொழியோடு சம உரிமை கொடுத்தது.

சரி, சட்டம் வந்தால் போதுமா? சாலை போட்டால் மட்டும் ஊருக்குப் போக்குவரத்து வந்துவிடாது, தினமும் பஸ் ஓட வேண்டும். அந்த பஸ்தான் இந்த இதழ். அரசியல், அறிவியல், இலக்கியம் எல்லாவற்றையும் இந்த மொழியில் விவாதிக்க முடியும் என்று காட்டியது. 1868இல் தோன்றிய சாம்லாகே பதிப்பகம்தான் இதை வெளியிடுகிறது.

நீநொர்ஷ்கை வெறும் கிராமத்துப் பேச்சுவழக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது அரசின் அதிகாரபூர்வ எழுத்து மொழி. 2023இல் இலக்கிய நோபல் பெற்ற யூன் ஃபொஸ்ஸே எழுதுவதும் அதில்தான்.